முறிவுகளுக்குப் பெயர் வைத்த காலம்

முறிந்த எலும்பு ஒன்றை நேரில் பார்ப்பதற்கு முன்பே, எலும்பு எத்தனை விதமாக முறியும் என்பதை நான் தமிழில் மனப்பாடம் செய்துவிட்டேன். அதற்குத்தான் எனக்குச் சம்பளம் தந்தார்கள்.

அறுபதுகளின் நடுப்பகுதி. விலங்கியல் படித்து முடித்துவிட்டு, கொட்டாஞ்சேனையில் பெற்றோருடன் இருந்தபடி ஆசிரியர் நியமனத்துக்குக் காத்திருந்தேன். நியமனம் வரவில்லை. கலைச்சொற்கள் ஆக்கும் அலுவலகம் ஒன்றில் உதவியாளர் வேலை வந்தது. எல்லாப் பாடங்களையும் தாய்மொழியில் படிப்பிக்கப் போகிறார்கள் என்று நாடெங்கும் பேச்சாயிருந்த நாட்கள். படிப்பிக்கப் புத்தகம் வேண்டும், புத்தகத்துக்குச் சொல் வேண்டும், சொல்லுக்கு நாங்கள் வேண்டும். எங்கள் மாடி அறையில் ஒரு மூலையில் இயந்திரவியல் நடக்கும், இன்னொரு மூலையில் வங்கியியல். சன்னலோரக் காற்று முழுவதும் தாவரவியலுக்கு. எனக்குக் கிடைத்தது மாடிப்படிக்குப் பக்கத்து மேசை.

ஒருநாள் எங்கள் பிரிவு அதிகாரி என் மேசைக்கு வந்தார்.

"பிள்ளை, நீர் விலங்கியல்தானே? தாதிமாருக்கு எலும்பு முறிவு பற்றி ஒரு புத்தகம் வேணுமாம். நீரே பாரும்."

"நான் தவளையும் கரப்பொத்தானும்தான் வெட்டினனான் சேர்."

"தவளைக்கும் எலும்பு இருக்குத்தானே."

கரப்பொத்தானுக்கு இல்லை என்பதை அவர் கணக்கில் எடுக்கவில்லை. இப்படித்தான் நான் முறிவுகளுக்குப் பொறுப்பானேன்.

எனக்கு மேலே இரண்டு பேர் கொண்ட குழு ஒன்று இருந்தது. ஒருவர் எலும்புச் சத்திரசிகிச்சை நிபுணர். கொழும்பிலேயே பிறந்து வளர்ந்து, கடல் கடந்து போய்ப் படித்துவிட்டு வந்தவர். அவருடைய தமிழ் இரண்டே பேருடன் பழகி வளர்ந்த தமிழ். ஒருவர் தாயார், மற்றவர் சமையற்காரர். ஆகவே உடம்பு சுகம் பற்றியும் சாப்பாடு பற்றியும் மிக நன்றாகப் பேசுவார். இரண்டுக்கும் இடைப்பட்ட எதற்கும் ஆங்கிலத்துக்குப் போய்விடுவார்.

மற்றவர் பண்டிதர். யாழ்ப்பாணத்தில் தமிழ் படிப்பித்து ஓய்வுபெற்று, வெள்ளவத்தையில் கடற்கரைக்கு இறங்கும் ஒழுங்கை ஒன்றில் மகளுடன் இருந்தார். குடை இல்லாமல் வெளியே வரமாட்டார். நடக்கும்போது எதிரே வருகிற ஆட்களைப் பார்க்கமாட்டார், கடைப் பலகைகளைப் பார்ப்பார். பலகையில் எழுத்துப்பிழை இருந்தால் கடைக்குள் ஏறிச் சொல்லிவிட்டுத்தான் போவார். காலி வீதியின் இரு பக்கத்துக் கடைக்காரர்களும் அவர் தலையைக் கண்டால் உள்ளே எதையோ தேடப் போய்விடுவார்கள் என்று அவருடைய மகள் சொல்லுவா. எலும்பைப் பற்றி அவருக்கு எதுவும் தெரியாது. அதை அவர் ஒரு குறையாக நினைக்கவுமில்லை.

சனிக்கிழமை பின்னேரங்களில் ஆஸ்பத்திரியில், எக்ஸ்ரே பகுதிக்கு அருகே இருந்த சின்ன அறையில் கூடுவோம். முதல் கூட்டத்துக்கு டொக்டர் ஒரு பென்சில், ஒரு வெண்கட்டி, ஒரு பெட்டி பிஸ்கட் கொண்டுவந்தார். பண்டிதர் பிஸ்கட்டைப் பார்த்துச் சந்தோஷப்பட்டார்.

டொக்டர் பென்சிலை இரு கையாலும் வளைத்தார். அது நடுவில் பட்டென்று உடைந்தது.

"இது குறுக்கால முறியுறது."

"குறுக்கு முறிவு" என்றார் பண்டிதர். நான் எழுதினேன்.

வெண்கட்டியின் இரு முனையையும் பிடித்து, ஈரத்துணி பிழிவதுபோல் மெதுவாக முறுக்கினார். உடைந்த துண்டைக் காட்டினார். உடைந்த கோடு நேராக இல்லை. சங்கின் மேல் வரிபோல் சுற்றிக்கொண்டு போயிருந்தது.

"கால் ஒரு இடத்தில மாட்டுப்பட்டு, உடம்பு மற்றப் பக்கம் திரும்பினா எலும்பு இப்பிடித்தான் முறியும்."

"சுருளி முறிவு."

பிறகு ஒரு பிஸ்கட்டை மேசையில் வைத்து முட்டியால் அடித்தார். பண்டிதர் துடித்துப்போனார். "நொறுங்கல் முறிவு" என்று துக்கத்தோடு சொல்லிவிட்டு, பெரிய துண்டுகளைப் பொறுக்கி வாயில் போட்டுக்கொண்டார். கடைசியாக டொக்டர் சன்னலால் கையை நீட்டிச் செவ்வரத்தைக் கொப்பு ஒன்றைப் பறித்து வளைத்தார். ஒரு பக்கம் நார்நாராகப் பிளந்தது, மறு பக்கம் வளைந்ததே தவிர விடவில்லை. சின்னப் பிள்ளைகளின் எலும்பு ஈரப்பதமானது, அதனால் இப்படித்தான் பாதி முறியும் என்றார்.

பண்டிதர் கண்ணை மூடி யோசித்தார். "பசுங்கொம்பு முறிவு." தானே ஒருதரம் மெல்லச் சொல்லிப் பார்த்துக்கொண்டார். "வடிவான சொல். இது எனக்கு வராதோ டொக்டர்?"

"உங்கட வயசில எல்லாம் காய்ஞ்ச தடி ஐயா."

இது சுலபமான பகுதி. தகராறு அடுத்த கிழமை தொடங்கியது. எலும்பா, என்பா என்பது முதல் கேள்வி. எலும்பு என்பது இறைச்சிக்கடைச் சொல், அறிவியலில் என்பு என்றுதான் வரவேண்டும் என்று பண்டிதர் பிடிவாதமாக நின்றார்.

"எலும்பு எண்டா எல்லாருக்கும் விளங்கும்தானே ஐயா" என்றார் டொக்டர்.

"எல்லாருக்கும் விளங்குறதுக்கு எங்களை என்னத்துக்குக் கூப்பிட்டவை?"

என்பு வென்றது.

அடுத்தது கொம்பவுண்ட் முறிவு. அகராதிப்படி அதைக் கூட்டு முறிவு என்று போட்டிருந்தேன். எதோடு எது கூடியிருக்கிறது என்று பண்டிதர் கேட்டார். ஒன்றும் கூடவில்லை, தோல் கிழிந்து எலும்பு வெளிக்காற்றைக் காண்கிறது, அவ்வளவுதான் என்றார் டொக்டர். அப்படியென்றால் இங்கிலீசுக்காரன் ஏன் அதைக் கூட்டு என்கிறான் என்று பண்டிதர் விடாமல் கேட்டார். டொக்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எங்களுக்கு அப்பிடித்தான் சொல்லித் தந்தவை" என்றார். அன்று திறந்த முறிவு, மூடிய முறிவு என்று இரண்டு சொற்கள் பிறந்தன. மறுவாரம் தன் மாணவர்களுக்கு ஆங்கிலத்தில் விளக்கும்போதும் அப்படியே சொல்லிப் பார்த்ததாகவும், அவர்களுக்குச் சட்டென்று விளங்கிவிட்டதாகவும் டொக்டர் சொன்னார். கொஞ்சம் மனவருத்தத்தோடுதான் சொன்னார்.

மணிக்கட்டு முறிவில் இரண்டு சனிக்கிழமை போனது. கையை ஊன்றி விழும் வயதானவர்களுக்கு மணிக்கட்டுக்குச் சற்று மேலே வருகிற முறிவு அது. எக்ஸ்ரே வருவதற்கு வெகுகாலம் முன்பே அதைப் பற்றி எழுதிய ஓர் ஐரிஷ்காரரின் பெயரை அதற்கு வைத்திருந்தார்கள்.

"அந்த மனிசன்ர கையோ முறிஞ்சது?" என்றார் பண்டிதர்.

"இல்லை ஐயா. அவர் எழுதினவர்."

"அப்ப விழுந்தவன் ஒருத்தன், பேர் எழுதினவனுக்கோ?"

அந்தப் பெயரைத் தமிழில் எழுதுவதற்கே அவர் சம்மதிக்கவில்லை. போதாக்குறைக்கு, இந்த முறிவில் கை முள்ளுக்கரண்டியைப் படுக்கப்போட்டதுபோல் வளைந்திருக்கும் என்று ஆங்கிலப் புத்தகத்தில் இருந்தது. எங்கள் சனத்தில் எத்தனை பேர் முள்ளுக்கரண்டியைக் கண்டிருக்கிறார்கள், அகப்பை என்று போடு என்றார். அகப்பையின் வளைவு அதேபோல் இருக்குமா என்று டொக்டருக்குச் சந்தேகம். பார்த்துத் தீர்மானிக்கலாம் என்று முடிவாயிற்று. கொண்டுவரும் பொறுப்பு எனக்கு.

அடுத்த சனிக்கிழமை வீட்டுக் குசினியில் அகப்பையைக் கழுவித் துடைத்துக்கொண்டு நின்றேன்.

"கறி அடுப்பில கிடக்கு. அகப்பையைக் கொண்டு எங்க போறாய்?" என்றா அம்மா.

"ஆஸ்பத்திரிக்கு."

அம்மா அப்பாவைப் பார்த்தா. அப்பா பத்திரிகையை இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடித்துக்கொண்டார். கொச்சிக்கடையில் துறைமுகக் கிட்டங்கி ஒன்றில் கிளார்க்காக இருந்த அவருக்கு, அரசாங்க வேலை என்றால் என்ன என்று ஓரளவு தெரியும்.

ஆஸ்பத்திரி வாசலில் காவலாளி மறித்தான். "மே மொகத நோனா?" இது என்ன என்று கேட்கிறான். ஹெந்த என்றேன். அகப்பைதான் என்பது அவனுக்கும் தெரிந்துதான் இருந்தது. எதற்கு என்பதை எனக்குச் சிங்களத்தில் சொல்லத் தெரியவில்லை. தமிழிலும் சொல்லியிருக்க முடியாது. நோயாளிக்குச் சாப்பாடு கொண்டுபோகிறேன் என்று அவனே முடிவெடுத்து விட்டுவிட்டான். உள்ளே டொக்டர் அகப்பையைத் தன் முன்கையோடு பிடித்துப் பார்த்தார், திருப்பிப் பார்த்தார், ஓர் எக்ஸ்ரே படத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "சரியாத்தான் இருக்கு" என்று ஒப்புக்கொண்டார். பண்டிதர் பிஸ்கட் பெட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

இதற்குள் எனக்கு முறிவுப் பைத்தியம் பிடித்திருந்தது. பஸ்ஸில் கைப்பிடியைப் பிடித்து நிற்கிறவர்களின் மணிக்கட்டுகளைப் பார்ப்பேன். ஆரை, அரந்தி என்று முன்கையின் இரண்டு என்புகளையும் மனதுக்குள் சொல்லிக்கொள்வேன். ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பா கோழிக்காலைத் தூக்கி, "இது என்ன முறிவு?" என்று கேட்பார். பதில் சொல்லாமல் விட்டதில்லை.

பெரிய சண்டை ஒரு சின்னச் சொல்லில் வந்தது. முறிந்த எலும்பு திரும்பச் சேர்வதை ஆங்கிலத்தில் யூனியன் என்பார்கள். தமிழில் என்ன சொல்வது?

பண்டிதர் இதற்கு ஒரு கிழமை தவணை கேட்டார். திரும்பி வந்தபோது முகம் பிரகாசமாக இருந்தது.

"இரண்டு சொல் சேருறதுக்கு இலக்கணத்தில என்ன பேர்? புணர்ச்சி. இரண்டு என்புத்துண்டு சேர்ந்தாலும் அதுதான். ஒழுங்காச் சேர்ந்தால் இயல்பு புணர்ச்சி. கோணிச் சேர்ந்தால் திரிதல். சேராமலே போனால் கெடுதல். முறிஞ்ச இடத்தில புதுசா முளைக்குது எண்டு சொன்னியளே, அது தோன்றல். தோன்றல், திரிதல், கெடுதல். எல்லாம் ஏற்கனவே இருக்குது டொக்டர். உங்கட ஆக்களுக்கு முன்னமே எங்கட ஆக்கள் வகுத்துப்போட்டினம்."

நான் இலக்கணத்தை ஆங்கிலத்தில் விளக்கிச் சொல்ல, டொக்டர் கதிரையிலிருந்து எழும்பிவிட்டார். இவ்வளவு நேர்த்தியாக எந்த மொழியிலும் இதைச் சொன்னதில்லை என்றார். இரண்டு பேரும் கைகுலுக்கிக்கொண்டார்கள்.

அந்தச் சொல்லுக்கு ஊரில் வேறொரு பொருள் உண்டு. பண்டிதருக்கு அது தெரியும். தெரிந்தும் அது பொருட்படுத்தத் தகாத பொருள் என்று தள்ளி வைத்திருந்தார். டொக்டருக்குத் தெரியாது. தாயாரும் சமையற்காரரும் அதைப் பற்றி அவருடன் பேசியிருக்க வாய்ப்பில்லை. எனக்குத் தெரியும், ஆனால் தெரியக்கூடாது. கலியாணமாகாத ஒரு பெண், அப்பாவின் வயதில் இருக்கிற இரண்டு பெரிய மனிதர்களிடம் இதை எந்த வாயால் சொல்வது? நான் எழுதினேன். ரைப் செய்தேன். ரோணியோவில் பிரதி எடுத்தேன்.

பரீட்சார்த்தமாக டொக்டர் தாதிமாருக்குத் தமிழில் ஒரு விரிவுரை நடத்தினார். யாழ்ப்பாணம், மட்டக்களப்பு, மலையகம் என்று பல பக்கத்திலிருந்தும் வந்த பயிற்சித் தாதிகள், வெள்ளை உடுப்போடு வரிசையாக இருந்தார்கள். நான் ஓரத்தில் ஒரு கதிரையில். குறுக்கு முறிவும் சுருளி முறிவும் நன்றாகவே போயின. பசுங்கொம்புக்கு ஒருத்தி தலையாட்டிக்கூட ரசித்தாள். பிறகு டொக்டர் தாளைப் புரட்டினார்.

"வயோதிபர்களில் புணர்ச்சி தாமதமாகும்" என்று நிறுத்தி வாசித்தார்.

முன்வரிசையில் ஒருத்தி குனிந்து சப்பாத்து நாடாவைத் தேடினாள். அவளுடைய சப்பாத்தில் நாடா இல்லை.

"புணர்ச்சி பூரணமாகும்வரை நோயாளி அசையக்கூடாது."

பின்வரிசையில் யாருக்கோ இருமல் வந்து வெளியே ஓடினாள். இன்னும் இரண்டு பேர் அவளுக்கு உதவிக்கு ஓடினார்கள். பிள்ளைகளுக்குக் கேட்கவில்லையாக்கும் என்று நினைத்த டொக்டர், அதே வசனத்தை உரத்து, இன்னும் தெளிவாக, திரும்ப வாசித்தார். பொறுப்பாயிருந்த மூத்த தாதி சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றா. அவவின் தோள்கள் குலுங்கின.

திங்கட்கிழமை காலை அலுவலகத்துக்குத் தொலைபேசி வந்தது.

"பிள்ளை, நான் மிஸிஸிட்டக் கேட்டனான்" என்றார் டொக்டர். "நீர் ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"எப்பிடிச் சேர் சொல்லுறது?"

"அதுவும் சரிதான். அந்தச் சொல்லை எடுத்துப்போடும்."

பண்டிதர் எடுக்கமாட்டேன் என்றார். சிரித்தவர்களுக்கு இலக்கணம் தெரியாது, அது அவர்களுடைய பிழை, நூற்றாண்டுக் கணக்காக இருக்கிற சொல்லை நாலு பெட்டையள் சிரித்ததற்காக விடமுடியாது. அப்படியென்றால் யூனியன் என்றே தமிழில் எழுதிவிடலாம் என்று டொக்டர் சொல்லியனுப்பினார். "யூனியன் எண்டால் துறைமுகத்தில வேலைநிறுத்தம் செய்யுற ஆக்கள்" என்று பண்டிதர் திருப்பிச் சொல்லியனுப்பினார். இரண்டு செய்தியையும் கொண்டுபோனவள் நான். இனிக் கூட்டத்துக்கு வரப்போவதில்லை என்றும் பண்டிதர் அறிவித்துவிட்டார்.

அச்சகத்தார் அவசரப்படுத்தினார்கள். அந்தச் சனிக்கிழமை பண்டிதரைக் கையோடு கூட்டிவரும்படி அதிகாரி என்னை வெள்ளவத்தைக்கு அனுப்பினார். நான் போனபோது பண்டிதர் சாய்மனைக் கதிரையில் கண்ணை மூடிக்கொண்டு படுத்திருந்தார். மகள் வாசலிலேயே என்னைப் பிடித்துக்கொண்டா.

"எப்பிடியாவது கூட்டிக்கொண்டு போம். ஒரு கிழமையா வீட்டில இருந்து என்ர கடைச் சிட்டையைத் திருத்துறார்."

நான் பக்கத்தில் போய், "டொக்டர் வேற சொல் வச்சிருக்கிறாராம் ஐயா. நீங்கள் வராட்டி அதையே போட்டிடுவினம்" என்றேன். அது பொய். கண் திறந்தது. குடையை எடுத்துக்கொண்டு எனக்கு முன்னே வாசலுக்கு வந்துவிட்டார்.

மழை பெய்து விட்டிருந்தது. காலி வீதியில் பஸ் தரிப்பிடத்துக்கு நடந்தோம். புதிதாகத் திறந்த ஒரு கடையில், நீலப் பலகையில் பெரிய எழுத்தில் குழிர்பானம் என்று எழுதியிருந்தது. பண்டிதர் நின்றார்.

"பார் பிள்ளை, குளிருக்கு ழகரம்" என்று இடக்கையில் குடையும் வலக்கையால் பலகையைச் சுட்டியபடியுமாக என் பக்கம் திரும்பினார். நடைபாதை முடிந்ததை அவர் கவனிக்கவில்லை. சுட்டிய கை அப்படியே நீண்டிருக்க, முன்னே விழுந்தார். சுள்ளி ஒடிவதுபோல் ஒரு சத்தம் கேட்டது.

நான் ஓடிப்போய்த் தூக்கினேன். வலது மணிக்கட்டைப் பார்த்தேன். எத்தனையோ கிழமையாக எழுதியும் வெட்டியும் திருத்தியும் வந்த முறிவு, ஓர் உயிருள்ள ஆளின் கையில் அப்படியே இருந்தது.

குளிர்பானக் கடைக்காரர் ஒரு முஸ்லிம் பெரியவர். முக்காலியும் ஒரு போத்தல் சோடாவும் கொண்டு ஓடிவந்தார். பண்டிதரின் முகம் வெளிறிப்போயிருந்தது. ஆனாலும் அவரைப் பார்த்து, "குளிருக்கு மற்ற ளகரம் போடோணும்" என்றார்.

"அத நா மாத்துறன் ஐயா. மொதல்ல நீங்க ஆஸ்பத்திரிக்குப் போங்க."

கையை அசையாமல் கட்டவேண்டும் என்று எனக்குத் தெரியும். அது எங்கள் புத்தகத்தின் இரண்டாம் அத்தியாயம். தட்டைப்பலகை எதுவும் அகப்படவில்லை. என் பையில் ரோணியோ செய்த சொற்தொகுதி தடிப்பாக இருந்தது. அதை அவருடைய முன்கைக்குக் கீழே வளைத்து வைத்து, கடைக்காரர் தந்த துணியால் சுற்றிக் கட்டினேன். சொற்தொகுதி ஒரு முறிவுக்குப் பயன்பட்டது அதுதான் முதல் தடவை.

கடைக்காரரே ஒரு டாக்ஸியை மறித்துத் தந்தார். கட்டிய கையை மடியில் வைத்துக்கொண்டு பண்டிதர் நேராக இருந்தார். பம்பலப்பிட்டி தாண்டியதும் என் பக்கம் திரும்பினார்.

"பிள்ளை, திறந்ததோ மூடினதோ?"

"மூடினது ஐயா. தோல் கிழியேல்லை."

"இடம் பெயர்ந்திருக்கோ?"

"ஓம் ஐயா."

"ஒண்டுக்குள்ள ஒண்டு செருகியிருக்குமோ?"

"எக்ஸ்ரே எடுத்தாத்தான் தெரியும்."

தலையாட்டினார். டாக்ஸி ஒரு குழியில் விழுந்தெழும்பியது. "எலும்பு முறிஞ்சு போச்சுப் பிள்ளை" என்றார், இறைச்சிக்கடைச் சொல்லில். பிறகு மெதுவாக, "சரியா நோகுது" என்றார்.

நான் அவருடைய மற்றக் கையைப் பிடித்துக்கொண்டேன். எங்கள் சொற்தொகுதியில் நோவுக்கு ஒரு சொல்லும் இல்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. யாரும் கேட்டிருக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் ஒரு நீள மர வாங்கில் இருத்தினார்கள். வந்த இளம் டொக்டர் கையை ஒரு பார்வை பார்த்துவிட்டு, தாதியிடம் ஒரே ஒரு சொல் சொன்னார். அந்த ஐரிஷ்காரரின் பெயர். தாதி அதை நோயாளிக்குரிய ரிக்கற்றில் எழுதினா.

"அவன் இஞ்சயும் வந்திட்டானோ" என்றார் பண்டிதர்.

எங்களுக்காக அந்தச் சின்ன அறையில் காத்திருந்த எங்கள் டொக்டருக்கு யாரோ சொல்லி, அவர் விரைந்து வந்தார். பண்டிதரைக் கண்டதும் சண்டையெல்லாம் மறந்துபோய்விட்டது. பக்கத்தில் குந்தி இருந்தார்.

"ஐயா, கை முறிஞ்சு போச்சு. மயக்கமருந்து தந்து இழுத்து நேராக்கி மாக்கட்டுப் போட்டுவிடுறன். பயப்பிடாதேங்கோ."

"கை முறிஞ்சு போச்சோ? அது எனக்குத் தெரியுது. என்ன வகை எண்டு சொல்லுங்கோ."

டொக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்துக்குப் பிடித்தார். அவருக்கு எல்லாம் தெரிந்தது, தமிழைத் தவிர. என்னைப் பார்த்தார். நானும் அந்தப் படத்தைப் பார்த்தேன்.

"ஆரை என்பின் கீழ்முனையில் மூடிய, இடம்பெயர்ந்த, செருகிய, குறுக்கு முறிவு" என்றேன். "அகப்பை வடிவம் ஐயா."

பண்டிதர் கண்ணை மூடிக் கேட்டார். "சரி" என்றார். "இனி இழுங்கோ."

அடுத்த கிழமைகளில் அவரைப் பார்க்க அடிக்கடி போனேன். வலக்கையில் முழங்கைவரை பரிஸ் சாந்தில் மாக்கட்டு. இடக்கையால் சாப்பிடமாட்டேன், மகள் குழைத்து வாயில் தீத்தினாலும் வேண்டாம் என்றார். மகள் பக்கத்து வீட்டுப் பறங்கிக் குடும்பத்திடம் ஒரு முள்ளுக்கரண்டி இரவல் வாங்கிவந்தா. மாக்கட்டுக்கு வெளியே நின்ற விரல்களால் அதைப் பிடிக்கலாம், இடியப்பத்துக்கு மிக வசதியாக இருந்ததாம். நான் போன ஒரு நாள், அதைத் தன் முன்னால் படுக்கப்போட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் தட்டால் மூடிவிட்டார்.

சொல் விஷயம் அப்படியே கிடந்தது. அச்சகம் கத்தியது. மாக்கட்டோடு இருக்கிற மனிதருடன் சண்டை பிடிக்கமுடியாது என்று டொக்டர் சொல்லிவிட்டார்.

ஆறு கிழமை கழித்து மாக்கட்டைக் கழற்றினார்கள். மகளும் நானும் கூட நின்றோம். கை வெளிறி, மெலிந்து, யாரோ வேறொருவருடையதுபோல் இருந்தது. டொக்டர் மணிக்கட்டை விரலால் மெல்ல அழுத்தினார், இப்படியும் அப்படியும் திருப்பினார். பண்டிதர் அவருடைய முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். டொக்டர் தன் தாயாரிடம் பேசுகிற தமிழில் சொன்னார்.

"நல்லாப் பொருந்தீட்டுது ஐயா."

"என்ன சொன்னியள்?"

"பொருந்தீட்டுது எண்டு சொன்னன். ஏன், பிழையோ?"

பண்டிதர் விரல்களை மெதுவாக மடக்கினார், நீட்டினார். நான் அவர் அழுததைப் பார்த்தது அப்போது மட்டும்தான். அதையும் வியர்வை துடைப்பதுபோலத் துடைத்துக்கொண்டார்.

"பிழையில்லை" என்றார். பிறகு என்னிடம், "எழுதிக்கொள் பிள்ளை. பொருந்தல். கோணிப் பொருந்தினால் பிழைப்பொருந்தல். பொருந்தாட்டில் பொருந்தாமை." டொக்டர் ஏதோ சொல்ல வாயெடுக்க, "சும்மா இருங்கோ டொக்டர். உங்களுக்குத் தமிழ் தெரியாது" என்றார்.

புத்தகம் அச்சாகி வந்தது. முன்னுரையில் மூன்று எழுத்துப்பிழைகள் இருந்தன. தாதிமார் அதைப் படித்துச் சித்தியடைந்தார்கள் என்றும், விடுதிகளில் போய் நின்றபோது எல்லா டொக்டர்மாரும் ஆங்கிலத்திலேயே பேசியதால் திரும்ப ஒருமுறை ஆங்கிலத்தில் படித்தார்கள் என்றும் பின்னர் கேள்விப்பட்டேன். என்னை அதிகாரி விவசாயத்துக்கு மாற்றினார். விலங்குகள் நிலத்தில்தானே வாழ்கின்றன என்பது அவருடைய நியாயம். அங்கே வேறு நிபுணர், வேறு பண்டிதர்.

ஒரு வருடத்துக்குப் பிறகு வெள்ளவத்தைச் சந்தையில் பண்டிதரைக் கண்டேன். மீன்காரனுடன் சிங்களத்தில் பேரம் பேசிக்கொண்டிருந்தார். சிங்களத்தில் அவர் எந்தப் பிழையையும் பொருட்படுத்தவில்லை, தன்னுடையதையும்தான். மீன் பையை வலக்கையில் தூக்கிக்கொண்டு என்னோடு வெளியே வந்தார்.

"இப்ப என்ன பகுதி?" என்றார்.

"மண்ணியல் ஐயா. மண் வகைகள்."

"என்னென்ன வகை?"

"களிமண், மணல், வண்டல், செம்மண்."

நடப்பதை நிறுத்தினார். "இதெல்லாம் தோட்டக்காரனுக்கே தெரிஞ்ச சொல்லெல்லோ. அப்ப உமக்கு அங்க என்ன வேலை?"

"அதைத்தான் கூட்டம் வச்சு யோசிக்கினம் ஐயா."

"நல்லாப் பிஸ்கட் தருகினமோ?"

"தேத்தண்ணி மட்டும்தான்."

அவர் உண்மையாகவே கவலைப்பட்டார். பையை மற்றக் கைக்கு மாற்றிக்கொண்டு, குடையை விரித்து, ஒழுங்கைப் பக்கம் இறங்கிப் போனார்.